நாற்பத்தொன்றாவது ‘ம்’

2041 நவம்பர் 9, சனிக்கிழமை பிற்பகல், தூத்துக்குடி மாவட்டம் சிப்பித்துறையில் உள்ள சமூக வானொலி நிலையம் கடலில் இருந்த நாற்பத்தொரு படகுகளுக்குச் சூறைக்காற்று எச்சரிக்கை அனுப்பியது. நாற்பத்தொரு படகுகளிலிருந்தும் பதில் வந்தது. இருட்டுவதற்குள் நாற்பது படகுகள் கரைசேர்ந்தன.

அந்த நிலையத்தின் தொழில்நுட்ப ஏற்பாட்டை முதல் கோட்டிலிருந்து வரைந்தவள் டெல்பின். மின்னணுவியலில் டிப்ளமோ படித்து, செல்போன் கோபுரங்களைப் பராமரிக்கும் நிறுவனம் ஒன்றில் பல வருடம் வேலை பார்த்தவள். கல்யாணத்துக்குப் பிறகும் கோபுரம் ஏறினாள் என்பதை ஊரில் இன்றைக்கும் ஒரு செய்தியாகச் சொல்வார்கள். மீனவ மகளிர் கூட்டமைப்பு வானொலிக்கு உரிமம் வாங்கியபோது வெளியூரில் ஆள் தேட வேண்டியிருக்கவில்லை.

ஆன்டெனாவை மாதா கோயில் கோபுரத்தில் வைக்க வேண்டும் என்றது பாதி ஊர். டெல்பின் மறுத்தாள். ஒவ்வொரு பழுதுக்கும் பூசை நேரம் பார்த்து ஏற முடியாது என்றாள். ஐஸ் பேக்டரி மாடிதான் சரி. மறைப்பில்லாத கடல், நிற்காத மின்சாரம், கீழே ஒரு டீசல் ஜெனரேட்டர். உப்புக்காற்று அலுமினியத்தைத் தின்றுவிடும் என்பதால் இணைப்புகள் எல்லாவற்றையும் துருப்பிடிக்காத எஃகில் வாங்கி, கிரீஸ் தடவி, ரப்பர் நாடா சுற்றினாள். ஒலிபரப்பு அறையின் சுவர்களுக்குக் கயிற்றுப் பாயும் பழைய வலைகளும் போதும் என்றாள். கதவுக்கு மட்டும் செலவு செய்தாள். கீழே ஐஸ் இயந்திரம் இரைந்துகொண்டிருந்தாலும் கதவைச் சாத்தினால் உள்ளே மூச்சுவிடும் சத்தம்தான் கேட்கும்.

நிலையத்தின் சேதியை வீட்டிலும் படகிலும் கேட்பதற்கான பெட்டிகளைச் செய்து கொடுத்தது கோயம்புத்தூர் நிறுவனம் ஒன்று. அங்கிருந்து வந்த பொறியாளர் இளம்பரிதி, கூட்டமைப்பின் முன்னால் ஒரு பெட்டியை வைத்து விளக்கினார்.

“சேதி எழுத்தாத்தான் காத்துல போகும்மா. குரல் பெட்டிக்குள்ளயே இருக்கும். வீட்டுக்கு ஒண்ணு, படகுக்கு ஒண்ணு. பெட்டியிலேருந்து இங்க பதிலும் வரும்.”

“பெட்டிக்குள்ள யாரு குரல் இருக்கும்?” என்று கேட்டார் தலைவி இஞ்ஞாசியம்மாள்.

“உங்க ஊர்க்காரங்க மூணு பேரோட குரல். அதுலதான் விசேஷமே. யார் சொன்னா கேப்பாங்களோ அவங்க குரல்ல பெட்டி பேசும்.”

“அத பெட்டி எப்படிக் கண்டுபிடிக்கும்?”

“மாத்தி மாத்திச் சொல்லிப் பாக்கும். எந்தக் குரல்ல சொன்னப்போ சத்தத்தக் கூட்டினாங்க, எதுல சொன்னப்போ பாதியில அணைச்சாங்க, எதுல சொன்னதும் படகத் திருப்பினாங்க. ஒரு மாசம் போனா அதுக்கே தெரிஞ்சுடும். புயல் நேரத்துல ஒரே சேதிய ஊர் முழுக்க ஒரே ஆள் கத்துறதவிட, அவங்கவங்க மதிக்கிற குரல் சொன்னா உயிர் தப்பும். வேற கடற்கரையில பாத்துட்டோம்.”

ஏலக்கூடத்தில் மீன் ஏலம் கூறும் பெர்க்மான்ஸ் சிரித்தார். “எங்க வீட்டுப் பெட்டிக்கு ஒம்ம கம்பெனியில குரல் கெடையாதுவே. என் பொண்டாட்டி கர்த்தரே வந்து சொன்னாலும் கேக்க மாட்டா.”

அடுத்தது பதில் எப்படி அனுப்புவது என்பது. பெட்டியில் ஒரு பொத்தான் இருந்தது. எச்சரிக்கை கேட்டதும் அதை அழுத்த வேண்டும்.

“ஒரு கையில வலை, ஒரு கையில சுக்கான்,” என்றார் பெர்க்மான்ஸ். “பொத்தான மூக்கால அமுக்கவா?”

டெல்பின்தான் வழி சொன்னாள். “கதை கேக்கும்போது ‘ம்’ கொட்டுதோம்லா? ‘ம்’ நின்னுட்டுன்னா ஆளு தூங்கிட்டுன்னு அர்த்தம். அந்த ‘ம்’ போதும். வாயத் தெறக்க வேண்டாம், கையி வேண்டாம். எஞ்சின் சத்தத்துலயும் மைக் அத எடுத்துரும்.”

இளம்பரிதி அவளை ஒரு கணம் பார்த்தார். “இது எங்க ஆளுங்க ஒருத்தருக்கும் தோணல மேடம்.”

அப்படியே வைத்தார்கள். ‘ம்’ வந்த பெட்டி நிலையத்தின் திரையில் பச்சையாகும். பச்சையான பெட்டியை அதே சேதிக்காக மறுபடி தொந்தரவு செய்யக் கூடாது, சலித்துப்போய் அணைத்துவிடுவார்கள். இந்த விதியும் டெல்பின் எழுதியதுதான்.

குரல் கொடுப்பவர்களில் பெர்க்மான்ஸ் ஒருவர். டெல்பின் இரண்டாவது. அதை யாரும் பேசி முடிவு செய்யவில்லை. பள்ளி நாளிலிருந்து கோயில் பாடகர் குழுவில் மேல்சுருதி பாடுகிறவள் அவள். கிறிஸ்துமஸ் பூசையில் அவள் குரல் எழும்போது பீடத்தில் நிற்கும் சாமியாரே ஒரு கணம் நிறுத்துவார்.

மூன்றாவது குரல் தற்செயலாகக் கிடைத்தது. ஐஸ் பேக்டரியில் கணக்குப் பார்க்கும் மெல்பா, ஜெனரேட்டர் இணைப்பைப் பற்றிக் கேட்க மாடிக்கு வந்தாள். கட்டைக் குரல். நாள் முழுவதும் இயந்திர இரைச்சலுக்கு நடுவே பேசிப் பழகியவள். கத்த மாட்டாள், ஒவ்வொரு சொல்லாகக் கீழே வைப்பதுபோலப் பேசுவாள். பாடகர் குழுவில் சின்ன வயதில் அவளைச் சேர்த்தபோது, வாயை மட்டும் அசைத்தால் போதும் என்று சொல்லிப் பின்வரிசையில் நிறுத்தியிருந்தார்கள்.

“இந்தக் குரல் வேணும்,” என்றார் இளம்பரிதி.

“எதுக்கு?” என்றாள் டெல்பின்.

“உங்க குரலுக்கு நேர் எதிரா ஒண்ணு இருந்தா நல்லது மேடம்.”

டெல்பினே மைக்கைச் சரிசெய்து மெல்பாவின் குரலைப் பதிவு செய்தாள். வெட்கப்பட்டவளிடம், “சும்மா பேசு மெல்பா. யாரு கேக்கப் போறா?” என்றாள்.

பெட்டிகள் போன முதல் மாதம் ஊர் அதைப் பற்றியே பேசியது. பெட்டிகள் எந்தக் குரலில் நின்றன என்பதைக் காட்டும் வரைபடத்தை ஏலக்கூடத் திரையில் போடச் சொன்னார் இஞ்ஞாசியம்மாள். வானொலி எத்தனை வீட்டுக்குப் போயிருக்கிறது என்று ஊர் பார்க்கட்டும் என்பது அவர் எண்ணம். பெர்க்மான்ஸ் நீலம், டெல்பின் சிவப்பு, மெல்பா மஞ்சள்.

திரை மஞ்சளாக இருந்தது. கரையோரம் அங்கங்கே நீலம். கோயில் தெருவில் கொஞ்சம் சிவப்பு; பெரும்பாலும் பாடகர் குழுக்காரர்களின் வீடுகள். கடலில் ஏறக்குறைய எல்லாமே மஞ்சள்.

டெல்பின் இரண்டு புள்ளிகளைத் தேடினாள். தன் வீடு சிவப்பாக இருந்தது. பகலில் அந்த வீட்டில் இருப்பவள் அவள் மட்டும்தான். பெட்டி அவள் குரலையே அவளுக்குத் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தது. தன் கணவன் ரெக்ஸனின் படகு மஞ்சளாக இருந்தது. வெளிர் மஞ்சள்கூட இல்லை. எவ்வளவு உறுதியாகத் தேர்ந்திருக்கிறதோ அவ்வளவு அடர்த்தியாக நிறம் வரும்படி அவள்தான் அமைத்திருந்தாள்.

“என்ன டெல்பின்,” என்றார் பின்னால் நின்ற பெர்க்மான்ஸ், “ஊரு கெடக்கட்டும், ஒன் வீட்டுக்காரனும் மெல்பா கச்சியில சேந்துட்டானே! எனக்காவது ஒரு ஓட்டுப் போட்டிருக்கலாம்.”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். டெல்பினும் சிரித்தாள்.

மற்ற வீடுகளில் சிரிக்கவில்லை. ஒருத்தி, மெல்பாவின் குரலில் பேசிய தன் கணவனின் பெட்டியை உப்புத் தண்ணீர் வாளியில் போட்டாள். ஐஸ் வாங்க வரும் பெண்கள் மெல்பாவிடம் சில்லறையைக் கையில் கொடுக்காமல் மேசையில் வைத்துவிட்டுப் போனார்கள். யாரோ அவளுடைய ஸ்கூட்டரின் இருக்கையைக் கத்தியால் கிழித்தார்கள். சரக்குக் கப்பலில் வேலை செய்யும் அவள் கணவனுக்குப் பெயரில்லாத சேதிகள் போயின. மெல்பா மாடிக்கு வந்தாள்.

“மைனி, என் குரல எடுத்துருங்க. எனக்கு வேண்டாம் இது.”

டெல்பின் திரும்பவில்லை. “ஊரே ஒன் குரலத்தான் கேக்குது. எடுக்க நான் யாரு?”

“ஒங்களுக்கும் எம்மேல கோவமா?”

“எனக்கு என்ன கோவம்? நான் வயர் இழுக்கிறவ.”

மெல்பா சற்று நின்றாள். ஏதோ சொல்ல வந்ததுபோல இருந்தது. சொல்லாமல் இறங்கிப் போனாள். டெல்பின் அவள் குரலை எடுக்காததற்குக் கோபம் மட்டும் காரணமில்லை. எடுத்தால் பொறாமையில் எடுத்தாள் என்று ஊர் பேசும். டெல்பினுக்கு அதைவிடத் திரை மஞ்சளாக இருப்பது மேல்.

ரெக்ஸனுக்கு நாற்பத்தைந்து வயது. இருபது வருடத்துக்கும் மேலாக டீசல் எஞ்சினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கடலுக்குப் போகிறவன். இரண்டு வருடம் முன்பு, கூட வந்துகொண்டிருந்த கூட்டாளியை நிறுத்திவிட்டான். காரணம் கேட்டதற்கு, “பேசிப் பேசியே கொல்லுதான்,” என்றான். அதன் பிறகு சின்ன பைபர் படகில் தனியாகப் பாருக்குப் போய்க் கணவாய் பிடித்தான். பார் என்பது கடலுக்கடியில் இருக்கும் பாறைத் திட்டு. போகும் நேரம் முந்திக்கொண்டே வந்தது; திரும்பும் நேரம் பிந்திக்கொண்டே போனது.

வீட்டில் டெல்பின் என்ன சொன்னாலும் அவனிடமிருந்து வருவது ஒன்றுதான்.

“மகளுக்கு விடுதியில சாப்பாடு சரியில்லையாம்.”

“ம்.”

“வார வியாழக்கெழம போயிப் பாத்துட்டு வருவமா?”

“ம்.”

வியாழக்கிழமை அவன் கடலுக்குப் போய்விட்டான். கேட்டபோது, “எங்க போவணும்?” என்றான். டெல்பினுக்கு இது புதிதல்ல. ஆனால் இப்போது அவளிடம் ஒரு திரை இருந்தது. அதில் அவனுடைய படகுப் பெட்டி மெல்பாவின் குரலுக்கு எத்தனை தரம் சத்தம் கூட்டப்பட்டது என்பது தெரிந்தது. மீன் விலை, காற்று, அலை, விளம்பரம் எதுவானாலும் கூட்டினான். தொடக்க நாட்களில் டெல்பினின் குரல் வந்தபோது இரண்டு தரம் கூட்டிப் பார்த்திருக்கிறான். பிறகு பாதியில் அணைத்திருக்கிறான்.

நவம்பர் முதல் வாரத்தில் பெர்க்மான்ஸ் ஒரு சேதி கொண்டுவந்தார். இந்த முறை சிரிக்கவில்லை.

“சொல்லக் கூடாதுன்னுதான் பாத்தேன். ஐஸ் பேக்டரி பொறவாசல்ல ரெக்ஸனும் மெல்பாவும் நின்னு பேசிக்கிட்டிருந்தாவ. தலையும் தலையும் முட்டுற மாதிரி. நான் தற்செயலா போனேன், பாத்துக்க.”

“என்ன பேசுனாவ?”

“அவ பேசுனது தெரியல. அவந்தான் ஊருக்கே கேக்குற மாதிரி சொல்லுதான்: ‘நீ சொன்னாத்தான் கேக்குது மெல்பா. வீட்டுக்குத் தெரிய வேண்டாம்.’ ஒரு கூச்சநாச்சம் வேண்டாமா மனுசனுக்கு?”

அன்று இரவு டெல்பின் கணவனிடம் நேராகக் கேட்டாள். அவன் முதுகைக் காட்டிக்கொண்டு தூண்டில் கயிற்றுக்கு ஈயம் கோத்துக்கொண்டிருந்தான்.

“மெல்பாகிட்ட ஒங்களுக்கு என்ன பேச்சு?”

“ம்.”

“என்ன ம்? ஒங்களத்தான் கேக்குதேன். அவளுக்கும் ஒங்களுக்கும் என்ன?”

“ம், ம். பாப்போம்,” என்றான் ரெக்ஸன், ஈயக்குண்டை விரலால் உருட்டியபடி.

மறுநாள் வெள்ளிக்கிழமை மாலை அவள் நிலையத்தில் தனியாக இருந்தாள். சோதனை செய்வதற்காக ஒரு பெட்டியை ஒரே குரலில் பூட்டி வைக்கும் வசதி அந்த அமைப்பில் உண்டு. ரெக்ஸனின் படகைத் தேர்ந்தெடுத்தாள். டெல்பின் என்று குறித்தாள். பூட்டினாள். மஞ்சள் புள்ளி சிவப்பானது. அதைச் சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு வீட்டுக்குப் போய் மீன் குழம்பு வைத்தாள்.

சனிக்கிழமை மதியத்துக்கு மேல் தெற்கே வானம் கறுத்தது. வானிலை மையத்திலிருந்து தகவல் வந்ததும் டெல்பின் தட்டச்சு செய்தாள்: தெற்கிலிருந்து சூறைக்காற்று. வலையை விட்டுவிட்டு உடனே கரைக்குத் திரும்பவும். எச்சரிக்கைக்கு முன்னால் மூன்று விசில். எஞ்சின் இரைச்சலில் அமுங்கக் கூடாதென்று அவள் தேர்ந்த கூர்மையான, உயர்ந்த விசில்.

திரையில் புள்ளிகள் ஒவ்வொன்றாகப் பச்சையாயின. ரெக்ஸனின் பெட்டி முதல் சில பெட்டிகளுக்குள் ‘ம்’ சொன்னது. டெல்பின் அதைக் கவனித்தாள். என் குரலுக்கும் திரும்புவார் என்று நினைத்தாள்.

மின்சாரத்தை ஜெனரேட்டருக்கு மாற்றிவிட்டு மெல்பா மேலே வந்தபோது நாற்பத்தொன்றும் பச்சை. ஒவ்வொரு பச்சைப் புள்ளியைச் சுற்றியும் குரலின் நிறத்தில் ஒரு வளையம் இருந்தது. மெல்பா திரைக்குக் கிட்டே குனிந்தாள்.

“மைனி, அண்ணன் பெட்டி ஏன் செவப்பா இருக்கு?”

“பூட்டியிருக்கேன்.”

“தொறங்க. என் குரல்ல ஒருக்கா போகட்டும்.”

“எதுக்கு? அவரு ‘ம்’ சொல்லிட்டாரு. பச்சை தெரியலியா?”

“அண்ணன் எல்லாத்துக்கும் ‘ம்’தான் சொல்லுவாவ. படகப் பாருங்க, நின்ன எடத்துலயே நிக்கு.”

“வலைய இழுக்க நேரம் ஆகும்.”

“அவியள்ட்ட ஏது வலை? தூண்டில்லா போட்டிருக்காவ!”

டெல்பின் நாற்காலியைத் திருப்பினாள். “என் புருசன் எப்ப ‘ம்’ சொல்லுவாரு, எப்ப தூண்டில் போடுவாருன்னு நீ எனக்குச் சொல்லுதியோ?”

“மைனி, சண்ட பெறவு போடுவோம். ஒங்க பேச்சு அண்ணனுக்குக் கேக்காது.”

டெல்பின் எழுந்தாள். பல வாரங்களாகத் திரை சொன்னதையும் ஏலக்கூடம் சொன்னதையும் இப்போது மெல்பாவே முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டாள். மெல்பாவின் தோளைப் பிடித்து வெளியே தள்ளிக் கதவைச் சாத்தித் தாழ் போட்டாள். கதவின் சிறிய கண்ணாடிக்கு அப்பால் மெல்பாவின் வாய் அசைந்தது. தன் காதை இரண்டு விரலால் தட்டித் தட்டிக் காட்டினாள். டெல்பின் முதுகைத் திருப்பி உட்கார்ந்துகொண்டாள். அந்தக் கதவை அவள் நன்றாகச் செய்திருந்தாள். உள்ளே எதுவும் கேட்கவில்லை.

சிறிது நேரத்தில் திரையில் மற்றப் புள்ளிகள் எல்லாம் கரையை நோக்கி நகர்ந்தன. பாருக்கு மேலே ஒன்று மட்டும் நின்றது. டெல்பின் பூட்டைத் திறக்கக் கையை வைத்தபோது அந்தப் புள்ளி அணைந்தது.

மெல்பா கரைக்கு ஓடிப் பெர்க்மான்ஸிடம் சொல்லியிருந்தாள். அவர் தன் மகன்களோடு பெரிய படகை இறக்கினார். காற்று திருப்பி அடித்ததில் அன்று பாரை எட்ட முடியவில்லை. மறுநாள் விடிந்த பிறகு, கவிழ்ந்த படகின் மேல் கிடந்த ரெக்ஸனைத் தூக்கினார்கள். நங்கூரக் கயிறு சுற்றியதில் இடது கையில் மூன்று விரல்கள் போயிருந்தன. கட்டி இழுத்து வரும் வழியில் கயிறு அறுந்து படகும் மூழ்கியது.

தூத்துக்குடி மருத்துவமனையில் கைக்கு வைத்தியம் நடந்த பிறகு, காதில் கடல்நீர் புகுந்து சீழ் வைத்திருந்ததால் காது மருத்துவரிடம் அனுப்பினார்கள். இளம் பெண். செவித்திறனைச் சோதித்த வரைபடத்தை மேசையில் வைத்தார். டெல்பின் அதை அவருக்கு முன்பே வாசித்துவிட்டாள். தாளின் இடது பக்கம், தணிந்த ஒலிகளுக்கு, கோடு ஓரளவு மேலே வந்தது; நடுவிலிருந்து செங்குத்தாக விழுந்தது.

“இது தண்ணி போனதால இல்ல,” என்றார் மருத்துவர். “வருஷக் கணக்கா எஞ்சின் சத்தம். மேல்சுருதி எதுவும் இவருக்குக் கேட்காது. விசில், குழந்தை அழுகை, சில பெண்கள் குரல்... யாரோ பேசுறாங்கன்னு தெரியும், என்னன்னு தெரியாது. தணிஞ்ச குரலா இருந்து நிதானமா பேசினா சமாளிச்சுடுவார். ரெண்டு மூணு வருஷமாவது இருக்குமே. வீட்ல யாரும் கவனிக்கலையா?”

டெல்பின் வரைபடத்தை மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள்.

வார்டில் ரெக்ஸனின் காதுக்கு மிக அருகில் குனிந்து, குரலைத் தொண்டைக்குள் இறக்கிக் கேட்டாள். “ஏன் எங்கிட்ட சொல்லல?”

அவன் உரக்கப் பதில் சொன்னான். பக்கத்துக் கட்டில்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். “காது போச்சுன்னு தெரிஞ்சா கடலுக்குப் போற அனுமதி அட்டைய மீன்துறைக்காரன் பிடுங்கிருவான். ஒனக்குத் தெரிஞ்சா நீ தனியாப் போக விட மாட்ட. மெல்பாவாத்தான் கண்டுபிடிச்சா. யாருகிட்டயும் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கினேன்.”

“நான் பேசும்போது எல்லாம் ‘ம்’ சொன்னீங்களே?”

“ம் சொன்னா நீ நிறுத்திருவ.”

“சனிக்கெழம?”

“ஒன் குரல் வந்த மாதிரி இருந்துச்சு. ம்னேன். மேகத்தையும் பாத்தேன், டெல்பி. மெல்பா ஒண்ணும் சொல்லலியே, பெருசா இருக்காதுன்னு இருந்துட்டேன்.”

கூட்டமைப்பு கூடியது. பெட்டியைப் பூட்டியது யார் என்று இஞ்ஞாசியம்மாள் கேட்டார். “நாந்தான்,” என்றாள் டெல்பின். ஏன் என்று அவர் கேட்கவில்லை, ஊருக்கே தெரிந்திருந்தது. ஆன்டெனாவைப் பார்க்க வேறு ஆள் இல்லாததால் அவளை வைத்துக்கொண்டார்கள். ‘ம்’ பதில் நீக்கப்பட்டது. இனி சேதியில் உள்ள காற்றின் பெயரையோ திசையையோ வாயைத் திறந்து திருப்பிச் சொல்ல வேண்டும். ஏலக்கூடத் திரை அகற்றப்பட்டது. கூட்டம் முடிந்ததும் மெல்பா, தன் குரலை எடுக்கும்படி மறுபடி கேட்டாள். படகுக்காரர்கள் சம்மதிக்கவில்லை.

“மைனி, அன்னைக்கு நான் ஒடச்சுச் சொல்லியிருக்கணும்,” என்றாள் படியில் இறங்கும்போது.

“சொல்லத்தான் செஞ்ச,” என்றாள் டெல்பின்.

ரெக்ஸன் வீட்டில் இருந்தான். காதுப் புண் ஆறும்வரை செவிக்கருவி போடக் கூடாது என்றிருந்தார்கள். முழுகிப்போன பெட்டிக்குப் பதில் அவன் பெயரில் புதிய பெட்டி வந்தது. மாத்திரை நேரம், மிச்சமிருக்கும் விரல்களுக்கான பயிற்சி, மகளின் விடுதியிலிருந்து வரும் சேதி எல்லாவற்றையும் அதில் ஏற்றினாள் டெல்பின். பிறகு நிலையத்தில் உட்கார்ந்து, பதிவு செய்திருந்த தன் குரலைத் திரையில் திறந்தாள். மருத்துவரின் வரைபடத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கோடு விழும் சுருதிக்குக் கீழே குரல் முழுவதையும் இறக்கினாள். சொல்லுக்குச் சொல் இடைவெளி விட்டாள். அதிக நேரம் ஆகவில்லை. எப்போது வேண்டுமானாலும் செய்திருக்கக்கூடிய வேலைதான் அது.

சோதித்துப் பார்த்தாள். மெல்பாவின் குரலிலும் தன் புதிய குரலிலும் சொற்களைக் கலந்து ஒலிக்கவிட்டு, ரெக்ஸனைத் திருப்பிச் சொல்லச் சொன்னாள். இரண்டிலும் ஒரு சொல்கூடத் தவறவில்லை. இரண்டும் அவனுக்கு ஒரே அளவில் கேட்டன.

“நல்லா கேக்குது டெல்பி,” என்றான் ரெக்ஸன். “நீ பேசுற மாதிரியே இல்ல.”

டிசம்பர் நடுவில், அதுவரை தன் புதிய குரலில் பூட்டி வைத்திருந்த பெட்டியைத் திறந்து, மெல்பாவின் குரலையும் தன் குரலையும் மட்டும் அதில் விட்டாள். பெட்டி மூன்று வாரம் இரண்டு குரல்களிலும் மாற்றி மாற்றிச் சொல்லிப் பார்த்தது. ஜனவரி முதல் வாரத்தில் அது மெல்பாவின் குரலில் நின்றது.